பெட்ரோலும் தங்கமும் கிஃபன் பொருள் அல்ல

விலை ஏறும்போது வாங்கும் அளவும் கூடும் பொருளைத்தான் பொருளாதாரத்தில் கிஃபன் பொருள் என்கிறார்கள். அதைப் பற்றி மாணவர்களுக்காக எழுதிய ஒரு கட்டுரையில், விலை ஏறியும் விற்பனை குறையாததெல்லாம் கிஃபன் பொருள் என்று சொல்லி, பெட்ரோலையும் தங்கத்தையும் கட்டுரையாளர் உதாரணம் காட்டியிருக்கிறார். இரண்டுமே பொருந்தாது. விலை ஏறினால் பெட்ரோல் வாங்குவது கொஞ்சமாவது குறையத்தான் செய்யும். அது நெகிழ்ச்சி குறைந்த தேவை, அதாவது விலை மாறினாலும் வாங்கும் அளவு அதிகம் மாறாது, அவ்வளவுதான். தங்கத்தை இன்னும் ஏறும் என்ற எதிர்பார்ப்பில் வாங்குகிறார்கள்.

கிஃபன் பொருள் முதலில் தாழ்வகைப் பொருளாக, அதாவது வருமானம் கூடினால் மக்கள் குறைத்து வாங்கும் பொருளாக, இருக்கவேண்டும். வருமானத்தில் பெரும்பங்கை விழுங்கவேண்டும். அதைவிட மலிவான மாற்று இருக்கக்கூடாது. ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு 2 கிலோ தானியமும் பருப்பும் தேவை, கையில் 140 ரூபாய் என்று வையுங்கள். அரிசி கிலோ 40, பருப்பு 140 என்றால் 1.4 கிலோ அரிசி, 600 கிராம் பருப்பு. அரிசி 60 ஆனால் பழைய அளவுக்கு 168 ரூபாய் வேண்டும். பருப்பை 250 கிராமாகக் குறைத்து, அரிசியை 1.75 கிலோவாகக் கூட்டினால்தான் வயிறு நிறையும். விலை ஏற்றத்தால் கைப்பணத்தின் வாங்கும் சக்தி குறைவது வருமான விளைவு; விலை ஏறியதை விட்டு வேறு பொருளுக்கு மாறுவது பதிலீட்டு விளைவு. முதலாவது இரண்டாவதை மிஞ்சுவது இப்படித்தான்.

நிஜத்தில் இது அபூர்வம். சீனாவின் ஹுனான் மாகாணத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி மானியம் கொடுத்து ஜென்சன், மில்லர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இருவரும் சோதித்தார்கள். 2008இல் முடிவு வெளியானது. அரிசி விலை குறைந்ததும் அவர்கள் அரிசி உண்பதும் குறைந்தது. விலையும் அளவும் ஒரே திசையில் போவதுதான் கிஃபன் விளைவு. பரம ஏழைகளிடம் மட்டும் இந்த விளைவு தெளிவாக இல்லை. குறைக்க வேறு உணவே தட்டில் இல்லாதவர் எதைக் குறைத்து அரிசியைக் கூட்டுவார்? கட்டுரையில் இந்த ஆய்வைச் சேர்த்தால் மாணவர்களுக்கு உதவும்.