தரை மைக் எல்லாவற்றுக்கும் போதாது
"மேடைத் தரையில் ஒரு பவுண்டரி மைக் (தரையோடு ஒட்டி வைக்கும் தட்டை மைக்) போட்டால் போதும், தலையில் மாட்டும் ஹெட்செட் மைக் வீண் செலவு" என்று ஒருவர் சொல்லியிருப்பது கதாகாலட்சேபத்துக்குப் பொருந்தாது. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) குறையும். வாயோரம் 5 செ.மீ.யில் இருக்கும் ஹெட்செட்டை விட, 160 செ.மீ. தள்ளியுள்ள தரை மைக்குக்குச் சுமார் 30 டெசிபல் குறைவாகவே கிடைக்கும். தரைப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒலியால் மீளக் கிடைப்பது அதிகபட்சம் 6 டெசிபல்தான். மிச்சத்துக்கு வால்யூமை ஏற்றினால்? கும்பகோணத்துக் கல்யாண மண்டபங்கள் தெரியும்தானே, மின்விசிறி இரைச்சல், பந்திச் சத்தம், பக்கத்து மிருதங்கம் எல்லாம் சேர்ந்து ஏறும், அப்புறம் ஸ்பீக்கர் ஊளையிடும். ஹெட்செட்டில் வியர்வைத் தொல்லை உண்டு, சரி. ஆனால் பரதநாட்டியச் சலங்கைக்குத் தரை மைக்தான், அதை ஒப்புக்கொள்கிறேன்.