2070-ல் சிங்காரா எங்கே இருக்கும்? அந்த வண்ணப்படத்தைப் பற்றிச் சில வார்த்தைகள்

பெங்களூருவில் காட்டுயிர் ஆய்வு செய்யும் நம்ம ஊர்ப் பிள்ளைகளின் ஆய்வேடுகளில் இப்போதெல்லாம் ஒரு ஜோடிப் படம் கட்டாயம் இருக்கிறது. இடப்பக்கம் இன்றைய வாழிடம், வலப்பக்கம் 2070. வெளிமான், சிங்காரா என்னும் சிறுமான், ஓநாய் எதை எடுத்தாலும் வலப்பக்கத்தில், வாழத் தகுந்த இடத்தைக் காட்டும் பச்சை சுருங்கியிருக்கும். இதை முன்கணிப்பு என்று பகிர்வதில் எனக்கு உடன்பாடில்லை. இன்று விலங்கு தென்பட்ட இடங்களின் தட்பவெப்பம் நாளை எங்கே அமையும் என்பதைத்தான் அந்தப் படம் சொல்கிறது. தக்காணத்தின் வறண்ட பகுதியில் அதைச் சரியாகச் சொல்ல வைப்பதே பெரும்பாடு.

தரவிலேயே தகராறு தொடங்கிவிடும். உலகெங்கும் உயிரினங்கள் தென்பட்ட பதிவுகளைத் திரட்டி வைக்கும் ஜிபிஃப் தளத்திலிருந்து பதிவுகளை இறக்கி, அப்படியே மேக்ஸென்ட் என்னும் வாழிடக் கணிப்பு மென்பொருளில் கொட்டுகிறார்கள். அந்தப் பதிவுகளில் பல, பொதுமக்கள் படம் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலிருந்து வருபவை. ஆபத்தில் இருக்கும் இனம் என்றால் அந்தத் தளம் உண்மையான இடத்தை மறைத்துவிட்டு, 0.2 பாகைக் கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியை வைக்கும். அந்தக் கட்டம் ஏறக்குறைய 22 கி.மீ. அகலம். மாதிரிக்குக் கொடுக்கும் வேர்ல்ட்கிளிம் என்ற தட்பவெப்பத் தரவின் கட்டமோ சுமார் 1 கி.மீ. தான். அப்படி மறைத்தால், துமகூரு மாவட்டம் சிரா அருகே புக்கபட்ணா புதர்க்காட்டில் நின்ற சிங்காரா, கோப்பில் ஏதோ ஓர் ஏரிக்குள் நிற்கக்கூடும். இடப்பிழை எத்தனை மீட்டர் என்று சொல்லும் பத்தி கோப்பிலேயே இருக்கிறது. 1,000-ஐத் தாண்டியவற்றையும் காலியாக இருப்பவற்றையும் முதலில் தள்ளுங்கள். பாதிப் பதிவுகள் போனாலும் போகட்டும்.

மிஞ்சுவதும் சாலையோரத்திலும் சரணாலய வாசலிலும்தான் குவிந்திருக்கும். ஞாயிறு காலை பெங்களூருவை ஒட்டிய ஹெசரகட்டா புல்வெளிக்கு எத்தனை கேமரா போகிறது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டத்துக்கு ஒரு பதிவு என்று குறைத்தால் மட்டும் போதாது. விலங்கு தென்பட்ட இடங்களோடு ஒப்பிட மென்பொருள் தானாக எடுக்கும் 10,000 பின்னணிப் புள்ளிகளையும், மற்ற பாலூட்டிகள் பதிவான இடங்களை ஒட்டியே எடுக்க வேண்டும். இல்லையென்றால் மான் போகும் இடத்தை விட்டுவிட்டு, கார் போகும் இடத்தைத்தான் அது கற்றுக்கொள்ளும்.

அடுத்த பொறி நமக்கென்றே வைத்தது. வேர்ல்ட்கிளிம் தரும் 19 மாறிகளில் பயோ 8, 9, 18, 19 நான்கும் வெப்பத்தையும் மழையையும் காலாண்டு வழியே கோத்தவை. பயோ 8 என்றால் அதிக மழை பெய்யும் மூன்று மாதங்களின் சராசரி வெப்பம். கர்நாடக உள்பகுதியில் அந்த மாதங்கள் தென்மேற்குப் பருவத்தைச் சேர்ந்தவை. தமிழகக் கரைப்பக்கம் ஐப்பசி, கார்த்திகைக்கு நகர்ந்துவிடும். இடையில் எங்கோ காலாண்டு மாறும் இடத்தில், நிலத்தில் இல்லாத ஒரு கோடு வரைபடத்தில் கத்தியால் கீறியது போல விழுகிறது. எதிர்காலத் தரவில் காலாண்டு ஒரு மாதம் தள்ளிப்போனால் கோடும் நகரும். உடனே ‘வாழிடம் இடம்பெயர்கிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். நான்கையும் தூக்கிவிடுங்கள். மீதியில், ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்கும் அளவான ஒட்டுறவு 0.7-ஐத் தாண்டும் ஜோடிகளில் ஒன்றை மட்டும் வையுங்கள். எதை வைப்பது என்பதை அந்த விலங்கின் வாழ்முறையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

விலங்கு தென்பட்ட இடத்தையும் பின்னணிப் புள்ளியையும் மாதிரி எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்று சொல்லும் மதிப்பெண்தான் ஏ.யு.சி.; உச்சம் 1. அது 0.95 வந்துவிட்டது என்று சிலருக்குப் பெருமை. பின்னணியில் கேரள மழைக்காடும் இமயமலையும் இருந்தால் வராமல் என்ன செய்யும்? வெளிமான் அங்கெல்லாம் இல்லை என்று சொல்லக் கணினி வேண்டாம். அதற்காகக் கர்நாடகப் பதிவுகளை மட்டும் வைத்து மென்பொருளைப் பழக்கினால் நேரெதிர்த் தவறு நடக்கும். இங்குள்ள கோடையைத் தாண்டிய வெப்பத்தை அந்தக் கணினி மாதிரி பார்த்ததே இல்லை. அதனால் 2070-ல் சிங்காரா அழியும் என்று சொல்லக்கூடும். அதே சிங்காரா ஜெய்சல்மேர் வெயிலில் இன்றும் மேய்ந்துகொண்டிருக்கிறது. இனத்தின் முழுப் பரப்பிலும் பழக்குங்கள். சோதனையை மட்டும் தக்காணத்துக்குள், 50 கி.மீ. போன்ற பெரிய சதுரங்களாகப் பிரித்து, ஒரு சதுரத்தை முழுசாக மறைத்து வைத்துச் செய்யுங்கள். ஏ.யு.சி. இறங்கினால் இறங்கட்டும். கூடவே, ஓர் இடத்தின் தட்பவெப்பம் பழக்கத் தரவோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று காட்டும் மெஸ் வரைபடமும் போடுங்கள். அதில் எதிர்மறை எண் வரும் இடமெல்லாம் பழக்கத் தரவின் எல்லைக்கு வெளியே போன இடம். அங்கே பச்சையோ சிவப்போ பூசாமல் சாம்பல் நிறம் பூசுவதுதான் நேர்மை.

மழை விஷயத்தில், எதிர்காலத் தட்பவெப்பத்தைக் கணிக்கும் மாதிரிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. பெரும்பாலானவை பருவமழை கூடும் என்கின்றன, எவ்வளவு என்பதில்தான் பிரிகின்றன. கூடும் மழையும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டால் புல்லுக்குப் பயனில்லை, இரண்டு மழைக்கு இடைப்பட்ட வறட்சிதான் புல்லைக் காயவைக்கிறது. மாதச் சராசரியில் அது தெரியவே தெரியாது. ஒரே ஒரு தட்பவெப்ப மாதிரியை வைத்து முடிவு எழுதாமல், ஐந்தாறு மாதிரிகளையாவது எஸ்.எஸ்.பி. 245 (நடுத்தர உமிழ்வு), 585 (மிக அதிக உமிழ்வு) என்ற இரண்டு எதிர்காலக் காட்சிகளிலும் ஓட்டி, எத்தனை மாதிரிகள் ஒத்துப்போகின்றன என்பதைத் தனிப்படமாகப் போடுங்கள்.

கடைசியாக நிலம். துமகூரு மாவட்டம் பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கரில் சூரிய மின்தகடுகள் நிற்கின்றன, 2,050 மெகாவாட். தட்பவெப்பத்தை மட்டும் பார்க்கும் மாதிரிக்கு அது இன்னும் நல்ல வாழிடம். புதர்க்காட்டைத் தரிசு என்று குறித்து வைத்திருக்கும் அரசு வரைபடத்தை மேலே போட்டாலும் குழப்பம் தீராது, மானுக்கு வேண்டிய நிலமே அந்தத் தரிசுதான். பத்து வருடம் பழைய நிலப்பயன்பாட்டு அடுக்கை வைத்துக்கொண்டு 2070-ஐப் பேசுவதைவிட, இந்த வருடச் செயற்கைக்கோள் படத்தில் மின்தகடு, கல்குவாரி, புதிய ஆழ்துளைக் கிணற்றுத் தோட்டம் மூன்றையும் கையால் வரைந்து கழித்துவிட்டு, மீதம் எத்தனை சதுர கிலோமீட்டர் என்று எழுதுங்கள். வனத்துறை கூட்டத்துக்கு எடுத்துப் போக அந்த எண்தான் உதவும்.