துடுப்பு போட்ட குழந்தை டாக்டர்

வீட்டில் மூன்று மாதக் குழந்தை. "குப்புறப் போடு, அசந்து தூங்கும்" என்கிறார் அம்மா. "மல்லாக்கத்தான் போடணும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் டாக்டர். ஒரு காலத்தில் அம்மா பக்கம் நின்ற டாக்டர் ஒருவர் உண்டு. பெஞ்சமின் ஸ்பாக்.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் எட்டுப் பேர் துடுப்புப் படகுப் போட்டிக்கு அமெரிக்காவிலிருந்து போனது யேல் பல்கலைக்கழக மாணவர் அணி. ஆறடி நாலங்குல ஸ்பாக்குக்கு ஏழாவது இருக்கை. துடுப்பு போடுகிற எட்டுப் பேரும் எல்லைக்கோட்டுக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும். முன்னே பார்ப்பவர் சுக்கான் பிடிக்கும் காக்ஸ் ஒருவர்தான். சேன் நதியில் அன்று அவர்கள் கண் முன்னாலேயே மற்ற படகுகள் சிறுத்துக்கொண்டே போயின. இரண்டாவது வந்த கனடா சுமார் 16 விநாடி பின்னால்!

பிறகு குழந்தை மருத்துவர் ஆனார். மணி பார்த்துப் பால் கொடு, அழுதாலும் தூக்காதே என்று நிபுணர்கள் மிரட்டிய காலம் அது. 1946இல் வந்த அவருடைய குழந்தை வளர்ப்பு நூல், பயப்படாமல் தூக்கிக் கொஞ்சுங்கள் என்றது. கோடிக்கணக்கில் விற்றது.

அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் 1946இல் பிறந்த பிள்ளைக்கு 1966இல் இருபது வயது. வியட்நாம் போருக்கு அனுப்பப்பட்டது அந்தப் பிள்ளைகளைத்தான். ஸ்பாக் தெருவில் இறங்கினார். கட்டாய ராணுவ சேவையை மறுக்கத் தூண்டிச் சதி செய்ததாக 1968இல், 65 வயதில், பாஸ்டன் நீதிமன்றம் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அது ரத்தானது. செல்லம் கொடுத்து ஒரு தலைமுறையையே கெடுத்தவர் என்ற வசையும் வாங்கினார். அந்த ஒலிம்பிக் தங்கத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான். வளர்க்கச் சொல்லிக் கொடுத்தவர், வளர்ந்த பிள்ளை சாகப் போனபோது வாயை மூடிக்கொள்ளவில்லை.

அதற்காக அவர் தவறை மறைக்க எனக்கு மனமில்லை. மல்லாந்து கிடக்கும் குழந்தை வாந்தி எடுத்தால் புரையேறும் என்று நினைத்து, 1950களின் பிற்பகுதியிலிருந்து வந்த பதிப்புகளில் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் குப்புறப் படுப்பது தூக்கத்திலேயே நேரும் திடீர் மரணத்தின் அபாயத்தைக் கூட்டுகிறது என்று ஆய்வுகள் காட்டின. 1990களில் மல்லாக்கப் போடச் சொல்லும் பிரசாரம் தொடங்கிய பிறகு அமெரிக்காவில் அந்த மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அதற்கு முன் போன குழந்தைகளை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

நேற்று ராத்திரி இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். பதில் பேசவில்லை. சற்று நேரம் கழித்து அவரே எழுந்துபோய், தொட்டில் பக்கத்தில் குனிந்து, பேத்தியை மல்லாக்கப் புரட்டிப் போட்டார்.