வெட்டின் வம்சத்தைப் பாகப்பிரிவினையிலிருந்து படியுங்கள்

பிரிட்டிஷ் அரச குடும்பம் ஜெர்மானிய வம்சம் என்று யாராவது பதிவு போட்டால் போதும், ஹனோவரா, கோபுர்க்கா, விண்ட்சரா என்று கீழே சண்டை தொடங்கிவிடும். மூன்றுமே ஒவ்வொரு காலத்தில் சரிதான். ஆனால் கோபுர்க் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அது வெட்டின் வம்சத்தின் ஒரு கிளையின் கிளை. தமிழில் எழுதினால் நிலத்தை வெட்டிப் பிரித்தது போல ஒலிக்கும் பெயர். தற்செயல்தான், ஆனாலும் இவ்வளவு பொருத்தமாக இருந்திருக்க வேண்டாம்!

இந்த வம்சத்தை எந்த மன்னர் நல்லவர், எவர் வீரர் என்று படித்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஃபிரெட்ரிக்குகளும் யோஹானும் எர்ன்ஸ்ட்டும் திரும்பத் திரும்ப வருவார்கள். அப்பா இறந்ததும் சொத்து யாருக்குப் போனது, எந்த விதிப்படி போனது என்ற கேள்வியோடு படித்தால்தான் வழி தெரியும்.

ஊரில் தொடங்குவோம். வெட்டின் என்பது சாலே ஆற்றங்கரையில், ஹாலே நகருக்கு வடமேற்கே உள்ள கோட்டை. கூத்து என்னவென்றால் 1288-லேயே அது மக்டெபுர்க் பேராயத்தின் கைக்குப் போய்விட்டது. பெயர் கொடுத்த ஊர் போனது, பெயர் மட்டும் நின்றது. 12-ஆம் நூற்றாண்டில் இவர்கள் மைசென் எல்லைப்புறத்தின் ஆட்சியாளர்கள். 1168-ல் ஃப்ரைபெர்க் பக்கம் வெள்ளி கிடைத்ததும் கையில் காசு புழங்கியது. 13-ஆம் நூற்றாண்டில் வாரிசுப் போர் நடத்திப் பக்கத்து நாடான துரிங்கியாவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

'சாக்சனி' என்ற பெயர் இவர்களிடம் வந்தது 1423-ல்தான். விட்டன்பெர்க்கை ஆண்ட அஸ்கானிய வம்சம் 1422-ல் வாரிசின்றி முடிந்தது. ஜெர்மானிய நாடுகளை இணைத்த புனித ரோமப் பேரரசின் மன்னர் சிகிஸ்மண்ட் அந்த நிலத்தையும், பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் எலெக்டர் பதவியையும் இவர்களிடம் ஒப்படைத்தார். பெரிய பட்டம் கிடைத்ததும் மைசெனும் சாக்சனி ஆகிவிட்டது. இன்றைய டிரெஸ்டன் சாக்சனியில் இருப்பது இப்படித்தான். பழைய சாக்சன் இனத்தாரின் நிலம் வடமேற்கே, இன்றைய கீழ்ச் சாக்சனிப் பக்கம். இந்த இரண்டையும் குழப்புவதுதான் முதல் தவறு.

இனி முக்கியமான ஆண்டு: 1485. எர்ன்ஸ்ட், ஆல்பிரெக்ட் என்ற அண்ணன் தம்பி இருவரும் ஏறத்தாழ 20 ஆண்டு சேர்ந்தே ஆண்டார்கள். 1482-ல் சித்தப்பா வில்ஹெல்ம் மகனின்றி இறக்க, அவர் பங்காக ஆண்ட துரிங்கியாவும் இவர்களிடம் திரும்பியது. மூன்றே ஆண்டில் லைப்சிகில் பாகப்பிரிவினை. பெரியவர் பங்கு வைக்க, இளையவர் எடுத்துக்கொள்வது வழக்கம். நம் ஊர்ப் பங்காளிகளுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆல்பிரெக்ட் மைசென், டிரெஸ்டன், லைப்சிக் இருந்த பங்கை எடுத்தார். எர்ன்ஸ்டுக்கு வைமார், கோத்தா, ஐசனாக், கோபுர்க். எலெக்டர் பதவியோடு ஒட்டிய விட்டன்பெர்க் நிலத்தைப் பிரிக்க முடியாது, அதனால் அதுவும் அண்ணனுக்கே. ஷ்னீபெர்க் வெள்ளிச் சுரங்கம் பொதுவில் நின்றது.

விளைவைப் பாருங்கள். லைப்சிக் பல்கலைக்கழகம் தம்பி பங்கில் போனதால் எர்ன்ஸ்டின் மகன் ஃபிரெட்ரிக் 1502-ல் விட்டன்பெர்கில் சொந்தமாக ஒன்று தொடங்கினார். அங்கே பேராசிரியராக இருந்தவர், கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர். அவருக்கு ஃபிரெட்ரிக் அடைக்கலம் தர, தம்பி வழியில் வந்த கேயோர்க் 1539-ல் சாகும்வரை லூதரை எதிர்த்தார். சீர்திருத்தத்தின் வரலாறு பாதி பங்காளிச் சண்டையின் வரலாறு.

அந்தச் சண்டை முற்றியது 1547-ல். சீர்திருத்தத் தரப்பைச் சேர்ந்தவராக இருந்தும், தம்பி வழி மோரிட்ஸ் கத்தோலிக்கப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் பக்கம் நின்றார். ஏப்ரல் 24-ல் மூல்பெர்க் போரில் அண்ணன் வழிப் பங்காளி யோஹான் ஃபிரெட்ரிக் சிறைப்பட, எலெக்டர் பதவியும் விட்டன்பெர்க்கும் மோரிட்ஸுக்கு வந்தன. 'மைசென் யூதாஸ்' என்று மக்கள் வைத்த பெயர் அவருக்குக் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

1485-தான் பெரிய முட்டாள்தனம் என்று எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு உடன்பாடில்லை. இரண்டு துண்டும் அன்று பெரிய நாடுகள்தான். உண்மையான கேடு அதற்குப் பிறகு அண்ணன் வழி செய்தது. தம்பி ஆல்பிரெக்ட் 1499-லேயே மூத்த மகனுக்கே ஆட்சி என்று எழுதி வைத்துவிட்டார். அண்ணன் வழியோ எல்லா மகன்களுக்கும் பங்கு என்று போனது. அதன் உச்சம் கோத்தாவின் எர்ன்ஸ்ட். இறைபக்தர் என்று பெயர் எடுத்தவர், பள்ளிக்கூடங்களைச் சீர்திருத்தியவர், நல்ல நிர்வாகி. அவர் 1675-ல் இறந்தபோது ஏழு மகன்கள். சேர்ந்து ஆளச் சொல்லிவிட்டுப் போனார், முயன்றும் பார்த்தார்கள். 1680-ல் கோத்தா-ஆல்டன்புர்க், கோபுர்க், மைனிங்கன், ரோம்ஹில்ட், ஐசன்பெர்க், ஹில்ட்புர்க்ஹவுசன், சால்ஃபெல்ட் என ஏழாகப் பிரிந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அரண்மனை வேண்டும், பரிவாரம் வேண்டும். வரி கட்டுவதோ சில சிற்றூர்கள். ஐசன்பெர்க் பிரபு ரசவாதத்தில் பணத்தைக் கரைத்தார். ஹில்ட்புர்க்ஹவுசன் கடனில் மூழ்கி, 1769-ல் பேரரசே கடன் ஆணையம் அமைக்க வேண்டி வந்தது.

பெயர் குழப்பமும் இங்கேதான். இந்த வழியின் மகன்கள் எல்லோருமே 'சாக்சனி பிரபு'. யார் எவர் என்று தெரிய ஊர்ப்பெயரை ஒட்ட வேண்டியிருந்தது. ஊர் ஒன்றாக இருப்பதால் அரசும் ஒன்று என்று நினைக்காதீர்கள். 1680-ல் பிறந்த சாக்ஸ்-கோபுர்க் ('சாக்ஸ்' என்றால் சாக்சனி) 1699-லேயே வாரிசின்றி முடிந்தது. அந்த ஊர் நீண்ட வழக்குக்குப் பிறகு 1735-ல் சால்ஃபெல்ட் வழிக்குப் போனது. 1825-ல் கோத்தா-ஆல்டன்புர்க் வழி அற்றதும், 1826-ல் எல்லோரும் உட்கார்ந்து நிலத்தை மாற்றிக்கொண்டார்கள்: சால்ஃபெல்ட் மைனிங்கனுக்கு, கோத்தா கோபுர்க்குக்கு, ஆல்டன்புர்க் ஹில்ட்புர்க்ஹவுசன்காரருக்கு. ஆகவே 1819-ல் பிறந்த, பின்னாளில் பிரிட்டிஷ் அரசி விக்டோரியாவின் கணவரான ஆல்பர்ட் பிறப்பால் சாக்ஸ்-கோபுர்க்-சால்ஃபெல்ட். 'கோத்தா' ஏழு வயதில் ஒட்டியது. கொடிவழிப் படம் போடுபவர்கள் பெயரோடு ஆண்டையும் எழுதினால் பாதிப் பிழை போய்விடும்.

இந்தச் சின்னக் கோபுர்க்தான் பிறகு ஐரோப்பா முழுதும் சிம்மாசனம் பிடித்தது. லியோபோல்ட் 1831-ல் பெல்ஜியத்தின் முதல் மன்னர். 1836-ல் ஃபெர்டினாண்ட் போர்ச்சுகல் அரசியை மணந்தார். 1840-ல் ஆல்பர்ட் விக்டோரியாவை மணந்தார். 1887-ல் இன்னொரு ஃபெர்டினாண்ட் பல்கேரியாவுக்குப் போனார். சின்ன வீடு என்பதே இவர்களின் பலம் என்பேன். பெரிய வல்லரசின் இளவரசரை மாப்பிள்ளையாக எடுத்தால் மற்ற வல்லரசுகள் முறைக்கும். கோபுர்க்கைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

பெரும்பாலும் பிரிக்காமல் வைத்திருந்த தம்பி வழி என்ன செய்தது? 1697-ல் சாக்சனி எலெக்டர் அகஸ்டஸ் போலந்து மகுடத்துக்காகக் கத்தோலிக்கராக மாறினார். மைசென் பீங்கானும் டிரெஸ்டனின் அழகும் அவர் காலத்தவை; கடனும்தான். 1756-ல் அண்டை நாடான பிரஷ்யா உள்ளே புகுந்தபோது தடுக்கப் போதிய படையில்லை. நெப்போலியன் தயவில் 1806-ல் சாக்சனி மன்னரின் அரசாக உயர்ந்தது. அவரோடு நின்றதால் 1815-ல் பாதிக்கும் மேற்பட்ட நிலம் பிரஷ்யாவுக்குப் போனது, விட்டன்பெர்க் உட்பட.

நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. தரங்கம்பாடியில் தமிழ் அச்சுக்கூடம் நடத்திய சீகன்பால்க் 1682-ல் பிறந்த புல்ஸ்னிட்ஸ், இந்தத் தம்பி வழியின் ஆட்சிக்குட்பட்ட ஊர். 1901 முதல் 1917 வரை இந்தியாவின் பேரரசர்களாக இருந்த ஆல்பர்ட்டின் மகன் எட்வர்டும் பேரன் ஜார்ஜும் அண்ணன் வழிக் கோபுர்க். 1917 ஜூலை 17-ல் விண்ட்சர் என்று பெயர் மாற்றினார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மன் பெயர் சுட்டது. கோபுர்க்கை அப்போது ஆண்டுகொண்டிருந்தவரும் விக்டோரியாவின் பேரன்தான். 1919-ல் அவருடைய பிரிட்டிஷ் பட்டங்கள் பறிக்கப்பட்டன.

1918 நவம்பரில் ஜெர்மனியில் எல்லா மகுடமும் இறங்கின. வைமார், மைனிங்கன் போன்றவை 1920-ல் துரிங்கியா மாநிலமாகச் சேர்ந்தன. கோபுர்க் மக்கள் மட்டும் வாக்கெடுப்பில் மறுத்துப் பவேரியாவில் இணைந்தார்கள், இன்றும் அங்கேதான்.

டிரெஸ்டனில் இந்த வம்சத்தவர் குதிரையில் ஊர்வலம் போகும் சுவரோவியம் இருக்கிறது. 102 மீட்டர் நீளம், சுமார் 23,000 மைசென் பீங்கான் ஓடுகள். 1547 வரை அண்ணன் வழி எலெக்டர்களும் அதில் உண்டு. அதன் பிறகு தம்பி வழி மட்டும். ஐரோப்பிய அரியணைகளில் ஏறிய கோபுர்க்காரர் ஒருவரும் இல்லை. 1918-ல் மகுடத்தைத் துறந்த கடைசி மன்னரும் இல்லை.