1967-இல் முடிந்தது இப்போது ஏன் முடியாது?

தன்பாலினத் திருமணம் என்று பேச்செடுத்தாலே, "கல்யாணம்னா காலங்காலமா இப்படித்தான், அதுல கைவைக்கக் கூடாது" என்று யாராவது வந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்வதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புரோகிதர் வேண்டாம், அக்கினி வேண்டாம் என்று எத்தனையோ பேர் இங்கே சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டார்கள். 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்றது. ஊரறிய மாலை மாற்றிக் குடும்பம் நடத்தியவர்கள் சட்டத்தின் முன் யாரோ எவரோ ஆனார்கள். பிள்ளைகளின் சொத்துரிமையே ஆட்டங்கண்டது. அப்புறம் 1967-இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்ந்தது. அதுவும் எப்படி? இனி நடப்பவை மட்டுமல்ல, ஏற்கெனவே நடந்தவையும் செல்லும் என்று. கல்யாணச் சட்டத்தில் நாம் கைவைத்திருக்கிறோம். வானம் இடிந்து விழவில்லை.

தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கேட்ட வழக்கில் 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. திருமணம் அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். தன்பாலின இணைகள் சேர்ந்து வாழ்வதற்கு அரசு சட்ட அங்கீகாரம் தர வேண்டும் என்றவர்கள் சந்திரசூட், கவுல் இருவர் மட்டுமே. சட்டம் இயற்றுவது மக்கள் மன்றங்களின் வேலை என்று முடித்தார்கள். 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடி.

"அதான் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கலாம், நாமினியா போடலாம்னு மத்திய அரசு 2024-லயே சொல்லிடுச்சே, இன்னும் என்ன?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு பெண்கள் பல வருடமாக ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். நாமினி படிவத்தில் உறவுமுறை என்ற இடத்தில் ஒருத்தி மற்றவளைத் 'தோழி' என்றுதான் எழுதியிருக்கிறாள். நாமினி பணத்தைக் கையில் வாங்கலாம், சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. பெற்றோர் இல்லாத அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், வருடக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத அண்ணன்தான் சட்டப்படி வாரிசு. உயில் எழுதலாம், சரி. உயிலைக் காட்டினால் குடும்ப ஓய்வூதியம் தருவார்களா? கணவன் மனைவிக்குத் தானாக வரும் ஒவ்வொன்றுக்கும் இவர்கள் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா?

மதத்தை இதில் இழுக்க வேண்டியதே இல்லை. எந்தக் கோயிலிலும் சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் நடத்தி வைக்கும்படி யாரும் கேட்கவில்லை. 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டம் மதச் சடங்கு எதையும் கேட்காத, பதிவாளர் முன் கையெழுத்துப் போடும் சட்டம். அதில் இடம் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

நம் உயர் நீதிமன்றம் இந்த விஷயத்தில் எவ்வளவோ முன்னால் போய்விட்டது. சேர்ந்து வாழும் இணைகள் தங்கள் உறவை எழுதிப் பதிந்துகொள்ளும் 'குடும்ப இணைவு ஒப்பந்தம்' போன்ற ஓர் ஏற்பாட்டைப் பரிசீலிக்கும்படி 2023-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமிழக அரசிடம் சொன்னார். குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியில்லை என்று 2025 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு சொன்னது. திருமணம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. மாநிலமும் சட்டம் இயற்றலாம். மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை, அது கடினம்தான். கிடைக்காமல் போகலாம். ஆனால் அனுப்பினால்தானே கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியும்? சுயமரியாதைத் திருமணத்தை மேடைக்கு மேடை பெருமையாகச் சொல்லும் கட்சிகள் எல்லாம் இதற்கு ஒரு மசோதாவையாவது சட்டமன்றத்தில் கொண்டு வரட்டும்.