சட்டி ஒன்று, பக்குவம் ரெண்டு

(மதுரை விளக்குத்தூண் பக்கம், சாயங்காலம் நாலு மணி. ஜிகர்தண்டா வண்டி. அகலச் சட்டியில் பால் சுண்டுகிறது. கரண்டியும் கையுமாக மாமா. ஸ்டூலில் ஜெராக்ஸ் கடை மாப்பிள்ளை. அரசாங்கம் யார் பையிலும் கைவிடக் கூடாது என்பதில் இருவரும் ஒரே கட்சி. அந்த ஒற்றுமை இன்றோடு சரி.)

மாமா: எதிர்த்தாப்ல பாத்தியா மாப்ள? மூணு வருசம் எங்கிட்ட கிளாஸ் கழுவுன பய. பாதாம் பிசினை ராத்திரியே ஊறப்போட்டு, காலையில பட்டைத் தூசியைப் பொறுக்குறது வரைக்கும் எங்கிட்ட பாத்தது. இது திருட்டா இல்லையா?

மாப்பிள்ளை: உங்க சட்டி உங்ககிட்டதான இருக்கு?

மாமா: இருக்கு.

மாப்பிள்ளை: பிசினு?

மாமா: அந்தா, உப்பிக் கெடக்கு.

மாப்பிள்ளை: அப்பறம் எதைத் திருடுனான்? ஒரு கரண்டியை ரெண்டு பேரு ஒரே நேரத்துல பிடிச்சா சண்டை வரும். அதுக்குத்தான் சொத்துன்னு ஒண்ணு. பக்குவத்தை ஆயிரம் பேரு ஒரே நேரத்துல வச்சுக்கலாம், உங்களுக்குக் குறையாது. ஸ்டீபன் கின்செல்லான்னு அமெரிக்க லிபர்டேரியன், அதாவது அரசாங்கம் ஒதுங்கி நிக்கணும்ங்கிற நம்ம கட்சி, 2001-ல இதைத்தான் எழுதுனாரு. அவரே பேட்டன்ட் வக்கீலு, கண்டுபிடிப்புக்கு உரிமை வாங்கித் தர்றவரு.

மாமா: சாராயக்கடைக்காரன் மதுவிலக்கு மாநாடு போட்ட மாதிரில்ல இருக்கு! என் மூளையில உதிச்சது என்னுது இல்லைன்னா, பெறகு எதுடா என்னுது?

மாப்பிள்ளை: அய்ன் ராண்ட்னு அமெரிக்க எழுத்தாளர் அம்மாவும் 1964-ல அப்பிடித்தான் எழுதுச்சு. ஆனா காலக்கெடு வேணும்னுச்சு. பேரன் பேத்தியெல்லாம் உக்காந்து திங்கக் கூடாதாம்.

மாமா: ஏன், என் பேரன் தின்னா இந்தம்மாவுக்கு என்ன?

மாப்பிள்ளை: அப்ப உங்க ஆளு லைசாண்டர் ஸ்பூனர், அந்தக் காலத்து அமெரிக்க வக்கீலு. 1855-லயே சொல்லிட்டாரு, வீடு வாசல் மாதிரி இதுவும் நிரந்தரச் சொத்துன்னு.

மாமா: அவருதான்டா மனுசன்!

மாப்பிள்ளை: சரி. சீனி காய்ச்சக் கண்டுபிடிச்சவன், பாலைச் சுண்ட வச்சவன், நன்னாரி வேரைச் சர்பத் ஆக்குனவன், எல்லாப் பேரனுக்கும் பங்கு வைங்க. கிளாஸுக்கு உங்க கையில ஸ்பூன்தான் மிஞ்சும். கலாம்போஸ்னு ஒருத்தரு இன்னும் ஒரு படி மேல. விடுதலைங்கிற வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம், அதை உண்டாக்குனவருன்னு தாமஸ் பெயின்ங்கிற பழைய எழுத்தாளருக்கு உண்டியல்ல காசு போடுவாருன்னு ஒரு கதையே உண்டு.

மாமா: (காலி சர்பத் பாட்டிலை எடுத்து முன்னால் வைக்கிறார்) நல்ல மனுசன். இனிமே 'அடிப்பிடிக்காமக் கிண்டு'ன்னு எவன் சொன்னாலும் இதுல ஒரு ரூபா. அது என் வார்த்தை.

மாப்பிள்ளை: உங்க ஆத்தா சொன்ன வார்த்தை.

மாமா: …அவளுக்கு நான் தனியாக் குடுத்துக்கிறேன். சரி, அடுத்து வர்ற பயகிட்ட பத்திரத்துல கையெழுத்து வாங்கிட்டா?

மாப்பிள்ளை: அது ராத்பார்டுன்னு அமெரிக்கப் பொருளாதார அறிஞரு 1962-ல சொன்ன வழி. பேட்டன்ட் கூடாது, ஏன்னா தானா யோசிச்சுக் கண்டுபிடிச்சவனையும் அது தடுக்கும். ஒப்பந்தம் போட்டுக் காப்பாத்துறது செல்லும்ங்கிறாரு. கையெழுத்துப் போட்டவன் வெளிய சொன்னா நீங்க நஷ்டஈடு கேக்கலாம்.

மாமா: அது போதுமே!

மாப்பிள்ளை: அவன் ராத்திரி மச்சான்கிட்ட ஒளறிட்டா? மச்சான் எங்கிட்டுக் கையெழுத்துப் போட்டான்? கின்செல்லா பிடிக்கிற பிடியே அதான். ஒப்பந்தம் ரெண்டு பேரைத்தான் கட்டும், ஊரைக் கட்டாது.

மாமா: மச்சான்கிட்டயும் வாங்குறேன்.

மாப்பிள்ளை: குடிக்க வர்றவன் நாக்காலயே கண்டுபிடிச்சிட்டா?

மாமா: கிளாஸுக்கு ஒரு பத்திரமாடா குடுக்க முடியும்? அந்தக் கருமாந்தரச் சட்டத்துல என்னதான் இருக்கு?

மாப்பிள்ளை: பேட்டன்ட்டு விண்ணப்பிச்ச நாள்லருந்து 20 வருசம். ஆனா புதுசா இருக்கணும். நீங்க நடுரோட்டுல ஊரு பாக்கக் காய்ச்சுறீங்க, புதுசு எப்பவோ ஆவியாப் போச்சு. காப்பிரைட்டு, ஆளு செத்தும் 60 வருசம். ஆனா எழுதி வச்ச வாசகத்துக்குத்தான், காய்ச்சுறதுக்கு இல்ல. மிச்சம் டிரேட்மார்க், கடைப் பேருக்கு உரிமை. டிஎம்-ஏ ஃபாரம், ஆன்லைன்ல போட்டா தனியாளுக்கு ஒரு சரக்கு வகுப்புக்கு 4,500 ரூபா. 10 வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிச்சுக்கிட்டே போகலாம். வெறும் 'ஜிகர்தண்டா'ன்னு கேட்டாக் குடுக்க மாட்டான், அது பண்டத்தோட பேரு.

மாமா: அந்தப் பய என் போர்டையே எழுதி வச்சிருக்கானே, 'மாமா கடை'ன்னு!

மாப்பிள்ளை: அது தப்பு.

மாமா: அப்படிச் சொல்லு!

மாப்பிள்ளை: கின்செல்லா கணக்குல, கேஸு உங்களுக்கு இல்ல. உங்க கடைன்னு நம்பி ஏமாந்து குடிக்கிறவனுக்கு.

மாமா: அவன் குடிச்சிட்டு ரெண்டாவது கிளாஸ் கேக்குறான். அவனாடா கேஸு போடுவான்? அப்ப மதுரை மல்லிக்கு 2013-ல புவிசார் குறியீடு குடுத்தாங்களே, அதுவும் தப்பா?

மாப்பிள்ளை: வெளியூருப் பூவை மதுரைப் பூவுன்னு வித்தா வாங்குனவ கேக்கலாம். செடியைக் கொண்டுபோயி வச்சு உள்ளூர்ப் பேருல வித்தா யாரும் கேக்க முடியாது.

மாமா: உன் ஜெராக்ஸ் கடைக்கு ஏத்த ஞானம்டா இது. காலேஜ் புஸ்தகம் ஒரு பக்கம் ஒரு ரூபா. கின்செல்லா படத்தை மாட்டிச் சாம்பிராணி போடு.

(எதிர்ப்பக்கமிருந்து ஒரு குரல்.)

எதிர்க்கடைப் பையன்: மொதலாளி! உங்க பாலு அடிப்பிடிக்குது, வாடை இங்கிட்டு வருது! கரண்டியால சுரண்டிராதீங்க, கருகல் மேல ஏறிரும்! அலுங்காம மேல்பாலை வேற சட்டிக்கு மாத்துங்க!

மாமா: (பதறி அடுப்பை அணைத்து) அடப்பாவி, நான் சொல்லிக்குடுத்ததை எனக்கே சொல்றான்டா!

மாப்பிள்ளை: அப்ப பாட்டில்ல ஒரு ரூபா போடுறது அவனா, நீங்களா?

மாமா: வாயை மூடு. ஓடிப்போயி அவன்கிட்ட ஒரு சட்டி வாங்கிட்டு வா, வெரசா!

எதிர்க்கடைப் பையன்: எங்கிட்ட இருக்கிறதே ஒரு சட்டி மொதலாளி! அதுல என் பாலுல்ல கெடக்கு!

மாமா: பாரு மாப்ள, பக்குவத்தை முழுசா வாங்கிட்டுப் போனான். சட்டி ஒண்ணு கேட்டா இல்லைங்கிறான்!