மாதாவைத் தூக்கப் பெண்ணின் தோள் ஆகாதா?

எட்டாம் தேதி இரவு, மியான்மரில் நம் ஆரோக்கிய மாதா கோவில் தேர்ப்பவனியில் நடந்ததை, கோவிலுக்கு வராதவர்களும் இதற்குள் காணொளியில் பார்த்திருப்பீர்கள். மழைச் சேற்றில் ஒருவர் கால் வழுக்கச் சப்பரம் சாய்ந்தது. பக்கத்தில் மெழுகுதிரியோடு நின்ற ஒரு பெண் ஓடிப்போய்த் தோள் கொடுத்தாள். மாதா சொரூபம் விழாமல் நின்றது. உடனே விழாக்குழுப் பெரியவர் ஒருவர் அவள் கையைப் பிடித்து இழுத்து, "பெண்பிள்ளைக்கு இங்கே என்ன வேலை? போய் ஜெபமாலை சொல்" என்றார். அவளுக்கு 19 வயது. என்னிடம் மறைக்கல்வி படித்தவள். அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

மூன்று நாள் பேசாமல்தான் இருந்தேன். அந்தப் பெரியவரை "மரபைக் காத்தவர்" என்று புகழ்ந்து நேற்று ஒரு பதிவு வந்தது. அதற்கு நம் பங்கு மக்களே விருப்பம் போட்டிருப்பதைப் பார்த்த பிறகு பொறுக்க முடியவில்லை.

என் கேள்வி ஒன்றுதான். ஆரோக்கிய மாதா ஒரு பெண். அவரைத் தூக்கப் பெண்ணின் தோள் ஏன் ஆகாது?

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன்பே மாதாவுக்குப் புதுச் சேலை தயாராக வேண்டும். 26 ஆண்டுகள் அதைத் தைத்தவர் என் அம்மாச்சி. ஊரிலிருந்து பட்டு வராத காலத்தில், தன் கல்யாணச் சேலையின் சரிகையைப் பிரித்து அதற்குக் கரை வைத்தார். 1964-இல் இங்கே கடைகள் அரசுடைமையாகி, நம் சனங்கள் கப்பல் கப்பலாக இந்தியாவுக்குத் திரும்பிப் போனபோது கோவிலில் பாதி பெஞ்சுகள் காலியாகிவிட்டன என்பார். அந்த நாட்களில் கோவிலைக் கூட்டியதும், பீடத்துக்குப் பூக்கட்டியதும், நவநாள் ஜெபத்தைத் தமிழிலேயே விடாமல் சொன்னதும் யார்? சப்பரம் புறப்படும்போது மட்டும் அம்மாச்சி ஒதுங்கி நிற்பார். சிறுமியாக இருந்தபோது, "நீங்களும் தூக்குங்களேன்" என்றேன். "நமக்கு ஆகாது தாயீ" என்றார். ஏன் ஆகாது என்று அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

சப்பரம் கனம், பெண்களால் முடியாது என்கிறார்கள். யாங்கோனில் கட்டடம் எழும்பும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், தலையில் செங்கல் சுமந்து ஏறுவது யார் என்று தெரியும்.

இது இந்த நாட்டு வழக்கம் என்கிறார் ஒருவர். மண்டலே மகாமுனி புத்தர் சிலைக்குத் தங்க இலை ஒட்டவும், கியாய்க்தியோ தங்கப்பாறையைத் தொடவும் பெண்களுக்கு அனுமதி இல்லை, உண்மைதான். அது பௌத்தர்களின் மரபு, அவர்கள் பேசிக்கொள்ளட்டும். நம் வேதத்தில் எந்தப் பக்கத்தில் அப்படி இருக்கிறது?

சத்தமாகச் சொல்லக் கூசி, வாய்க்குள் முணுமுணுக்கும் காரணமும் எனக்குக் கேட்டது. தீட்டு. மாற்கு நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து படியுங்கள். 12 ஆண்டுகள் உதிரப்போக்கால் வருந்திய பெண், கூட்டத்துக்குள் நுழைந்து இயேசுவின் ஆடையைத் தொட்டாள். அவர் அவள் கையைத் தட்டிவிடவில்லை. "மகளே" என்று அழைத்தார். நம் பெரியவரோ அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தார்.

பெண்களுக்குக் குருத்துவம் கேட்கிறாயா, பன்னிரு திருத்தூதரும் ஆண்கள்தானே என்று கேட்கப் போகிறீர்கள். நான் கேட்டது சப்பரத்தின் கட்டையில் ஓர் இடம். பீடத்தில் உதவச் சிறுமிகளை அனுமதிக்கலாம் என்று உரோமை 1994-லேயே சொல்லிவிட்டது. திருப்பலியில் வேதம் வாசிக்கும் வாசகர், பீடத்தில் உதவும் பீடத்துணைவர் ஆகிய பணிகளைப் பெண்களுக்கும் முறையாக வழங்கலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஜனவரியில் சட்டத்தையே மாற்றினார். உரோமை இவ்வளவு தூரம் வந்த பிறகும் நம் பங்கில் ஒரு தோளுக்கு இடமில்லை.

பெண்ணை எப்படி வரைந்து வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். ஒன்று பேசாத கன்னி, இல்லையென்றால் தலைவிரித்து அழும் பாவி. உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு சீடர்களுக்குச் சொன்னவர் மகதலா மரியா என்கிறது யோவான் நற்செய்தி. 591-இல் திருத்தந்தை கிரகோரி தம் மறையுரையில் அவரையும் லூக்கா சொல்லும் பாவியான பெண்ணையும் ஒருவராக்கினார். 2016-இல் அவருடைய நாளைத் திருத்தூதர்களின் நாள்களுக்கு இணையான விழாவாக உயர்த்திய பிறகும், நம் கோவில் சுவரில் அவர் அழுதுகொண்டுதான் இருக்கிறார்.

2021 மார்ச்சில் இந்நாட்டின் வடக்கே மியிச்சினா நகரத் தெருவில் அருட்சகோதரி ஆன் ரோஸ் நு தாங், போராடியவர்களைச் சுட வேண்டாம் என்று ஆயுதம் ஏந்தியவர்கள் முன் கைவிரித்து மண்டியிட்டார். அந்தப் படத்தைப் பகிர்ந்து "நம் திருச்சபையின் வீரப்பெண்" என்று எழுதியவர்களில் இந்தப் பெரியவரும் ஒருவர். ஐயா, துப்பாக்கி முன்னால் ஒரு பெண் நிற்கலாம். சாயும் மாதாவை மட்டும் தாங்கக் கூடாதா?

நேற்றிரவு அந்தப் பெண் எனக்குச் செய்தி அனுப்பினாள். "டீச்சர், நான் தோள் கொடுத்தது பாவமா?" இத்தனை ஆண்டுகள் மறைக்கல்வி சொல்லிக் கொடுத்த பிறகு, என் மாணவி என்னிடம் கேட்கும் கேள்வி இது. இரவெல்லாம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அம்மாச்சியின் ஊசிப்பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. இந்த ஆண்டுச் சேலையைத் தைத்தவள் நான். அடுத்த ஆண்டுச் சேலைக்கு விழாக்குழு என்னைத்தான் அழைக்கும். எல்லோர் முன்னிலையிலும் அவள் கையைப் பிடித்து இழுத்தவர், எல்லோர் முன்னிலையிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்கட்டும். அதன் பிறகு அழையுங்கள்.